மறதிக்கு எது துணை: நோட்டா, போனா, ஆளா?

வீட்டில் வயதானவருக்கு மறதி கூடுகிறது என்று பேச்சு எழுந்துவிட்டால், கூடப்பிறந்தவர்கள் ஆளுக்கொரு யோசனையோடு வந்து நிற்பார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, கேட்டால் பதில் சொல்லும் ஸ்பீக்கர் ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்றான். சென்னையில் இருக்கும் ஆச்சி (அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பழைய படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து பென்டிரைவில் போட்டுவிடலாம் என்றார்கள். காரைக்குடிப் பக்கத்தில் ஆத்தாவோடு (அம்மாவோடு) ஒரே வீட்டில் இருப்பவன் நான். எனக்கு ஒரு கட்டு நோட்டும் பேனாவும் போதும் என்று பட்டது. ஆத்தாவிடம் கேட்டதற்கு, "எனக்கு என்ன மறதி? நீங்கதான் வச்சது வச்ச இடத்துல இருக்க விடாம மாத்தி மாத்தி வைக்கிறிய" என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ஒரே மறதியைப் பற்றி அல்ல. மாத்திரை போட மறப்பது ஒன்று. சாவியை வைத்த இடம் மறப்பது இன்னொன்று. எதிரே வருகிறவரின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வராமல் படுத்துவது வேறு. ரங்கூன் கடையில் ஐயாவுக்கு (எங்கள் தாத்தாவுக்கு) கீழே அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, இருந்தவரின் பெயர் இனி யாருக்குமே தெரியாது என்று ஆவது முற்றிலும் வேறு. முதல் மூன்றும் ஒருவருடைய மறதி, கடைசியானது குடும்பத்தின் மறதி. ஒன்றுக்கு வாங்கிய சாமான் மற்றதற்கு உதவாது.

அதனால் ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தேன். அன்றாட மறதி என்றால், தேவைப்படுகிற நேரத்தில், தேவைப்படுகிற இடத்தில் அது கண்ணிலோ காதிலோ படுமா? பழைய நினைவு என்றால், சொன்னவர் பக்கத்தில் இல்லாதபோதும் இன்னொருவருக்கு அது விளங்குமா? விலை, வசதி எல்லாம் அதற்கப்புறம்தான்.

முதலில் மருத்துவர்

பெரிய வீட்டுக்காரர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. எதையோ எடுக்க உள்ளே போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பது வயதால் மட்டும் வருவதில்லை. அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் கேப்ரியல் ராட்வான்ஸ்கி என்ற உளவியல் பேராசிரியர் 2011இல் கல்லூரி மாணவர்களை வைத்தே இதைச் சோதித்தார். ஒரே அறைக்குள் நடந்தபோது இருந்ததைவிட, அதே தூரத்தை ஒரு வாசல் தாண்டி நடந்தபோது, கையில் எடுத்துப்போன பொருளை அவர்கள் கூடுதலாக மறந்தார்கள். வாசல் தாண்டியதும் மனம் பழைய அறையின் கணக்கை மூடிவிட்டுப் புதுக் கணக்குத் திறக்கிறது என்பது அவருடைய விளக்கம். 2021இல் ஆஸ்திரேலியாவின் பாண்ட் பல்கலைக்கழகத்தார் இதைத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, வாசல் மட்டும் மறதியைக் கொண்டுவராது, மனதில் வேறு வேலையும் ஓடிக்கொண்டிருந்தால்தான் வரும் என்றார்கள். முகப்பில் கிளம்பி, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று எங்கள் பக்கத்து வீட்டின் பகுதிகளை வாசல் வாசலாகத் தாண்டி, போகிற வழியில் பால்காரருக்கும் பதில் சொல்லிக்கொண்டு அடுக்களைக்குப் போகிறவருக்கு மறக்காமல் இருந்தால்தான் அதிசயம். கிளம்பிய இடத்துக்கே திரும்பிப் போய் நின்றால் ஞாபகம் வந்துவிடும் என்பது பெரியவர்களுக்கு எப்போதோ தெரிந்த வைத்தியம்.

ஆனால் ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்துக்குள் திரும்பத் திரும்பக் கேட்பது, வருடக்கணக்காகப் போய்வரும் கோவிலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, கொடுக்கல் வாங்கலில் திடீரென்று தடுமாறுவது, இவையெல்லாம் நோட்டும் போனும் தீர்க்கிற விஷயமல்ல. மருத்துவரிடம் போக வேண்டும். போனால் எல்லாமே தீராத நோயாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. பி12 சத்துக் குறைவு, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு, சாப்பிடுகிற மாத்திரைகள், இவற்றாலும் மறதி வரும், சரிசெய்யவும் முடியும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம். சுத்த சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் அப்படியே. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் தாமாக வாங்கிப் போடுகிற, தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள் சில, வயதானவர்களைக் குழப்பிவிடும். காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். சரியாகக் காதில் விழாத விஷயம் மனதில் எப்படித் தங்கும்? "நேத்தே சொன்னேனே" என்று நாம் கோபித்துக்கொள்வதில் பல நேரம் கோளாறு காதில்தான்.

மாத்திரையும் சாவியும்

மாத்திரைக்குப் போனில் அலாரம் வைப்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் யோசனை. நேரத்துக்கு ஒலிக்கும், காசு செலவில்லை. ஆனால் ஆத்தா கிணற்றடியில் இருக்க, போன் இரண்டாங்கட்டில் கிடந்து அடிக்கும். அருகில் இருந்தால் அணைத்துவிடுவார்கள். அணைத்த பிறகு மாத்திரை போட்டார்களா என்பது அலாரத்துக்குத் தெரியாது. வயதானவர் வீட்டில் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. போட மறப்பது ஒரு பக்கம், போட்டதை மறந்து இரண்டாம் முறை போடுவது இன்னொரு பக்கம். சர்க்கரை மாத்திரையை இரண்டு தடவை போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரை போகலாம்.

அதற்கு மருந்துக்கடையில் கிடைக்கிற ஏழு நாள் மாத்திரை டப்பாதான் சரி. நாளுக்கு மூன்று குழி, மூடியைத் திறந்தால் போட்டாச்சா இல்லையா என்று தெரிந்துவிடும். நான் பார்த்ததில் இத்தனை குறைந்த காசில் இத்தனை கவலையைத் தீர்த்த பொருள் வேறில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிரப்ப ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் குறை. அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைக்கக் கூடாத மாத்திரைகளும் உண்டு, கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

டப்பாவை எங்கே வைப்பது? இதில்தான் அலாரம் தோற்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய கட்டுரை ஒன்று இத்துறையில் அடிக்கடி பேசப்படும். "செய்ய வேண்டும்" என்று நினைத்துக்கொள்வதைவிட, "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு முடிந்து வைத்தால் காரியம் அதிகமாக நடக்கிறது என்பது அதன் சாரம். ஆத்தா சாயங்காலம் விளக்கேற்ற ஒருநாளும் மறந்ததில்லை. சாமி வீட்டில் (பூஜை அறையில்) தீப்பெட்டிக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்தோம். திரி ஏற்றியதும் கை தானாக அங்கே போகிறது.

தம்பியின் ஸ்பீக்கர் விஷயம் சுருக்கமாக. கண் பார்வை குறைந்தவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் அது நல்ல துணை. எங்கள் வீட்டில் வளவில் பேசினால் பின்கட்டில் கேட்காது, கரண்ட் போனால் நெட்டும் போகும், அதைவிட முக்கியமாக, அதனிடம் கேட்க வேண்டும் என்பதை முதலில் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.

முந்தானையில் முடிச்சுப் போடுவதை இளையவர்கள் சிரிக்கிறார்கள். கூடவே வரும், கையில் தட்டுப்படும், சார்ஜ் போட வேண்டியதில்லை. ஏதோ ஒன்று இருக்கிறது என்று சொல்லும், என்ன என்று சொல்லாது. ஒரே ஒரு காரியத்துக்கு அது போதும். எண்ணிக்கைக்கு நூல் வைத்துக்கொள்வது எங்கள் பக்கம் வழிபாட்டிலேயே இருக்கிறது. பிள்ளையார் நோன்புக்குத் திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழை என்று எடுத்து வைத்து, இருபத்தோராம் நாள் இருபத்தோர் இழையையும் ஒரே திரியாக்குவோம். எத்தனையாவது நாள் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தினசரி காலண்டர் தாளில் "கேஸ் வந்தது" என்று எழுதுவதும் நல்ல பழக்கம்தான், ஆனால் மறுநாள் கிழித்துக் கசக்கிப் போட்டுவிடுகிறோமே. எழுதுவதாக இருந்தால் மாதக் காலண்டரில் எழுதுங்கள், வருட முடிவில் அதைத் தூக்கியும் போடாதீர்கள்.

சாவிக்கு வருகிறேன். இப்போது கிடைக்கும் புளூடூத் வில்லைகளைக் கோர்த்துவிட்டால் போனில் தட்டியதும் சாவிக்கொத்து கத்தும். வண்டிச் சாவிக்கு நல்லது. வளவு வீடுகளின் சாவிக்கொத்து அப்படி எங்கும் தொலைந்துபோகிற கனமில்லை, பிரச்சினை எந்தச் சாவி எந்த அறைக்கு என்பதுதான். ஆத்தாவுக்கு அது கைக்கணக்கு. கண்ணை மூடிக்கொண்டு பல்லைத் தடவிப் பார்த்தே, இது பெரிய ஐயா பங்கு வீடு, இது சாமான் அறை என்று பிரித்துவிடுவார்கள். எங்களுக்கு அது வராது என்பதால் ஒவ்வொரு சாவியிலும் ஒரு நிற நூல் கட்டி, அதே நிறத்தில் கதவின் நாதாங்கியிலும் ஒரு முடிச்சுக் கட்டியிருக்கிறோம். இங்கிலீஷில் எழுதி ஒட்டிய லேபிள் ஒரு கோடைக்குள் உரிந்துவிடும், நூல் நிற்கிறது.

ஆத்தா சொன்ன குறைக்கு வருகிறேன். வெள்ளையடிக்க வந்த ஆட்கள் அடுக்களை நிலைக்குப் பக்கத்தில் இருந்த ஆணியைப் பிடுங்கிவிட்டு, பார்வையாக இருக்கட்டும் என்று அலமாரிக்கு உள்பக்கம் ஒன்று அடித்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம்தான் சாவி "காணாமல்" போக ஆரம்பித்தது. இன்றைக்கும் ஆத்தாவின் கை பழைய ஆணி இருந்த சுவரைத்தான் முதலில் தொடும். ஆணியைப் பழைய இடத்திலேயே அடித்துவிட்டோம். வயதானவர்கள் வீட்டில் எந்தச் செயலியையும் இறக்குவதற்கு முன், யாராவது எதையாவது இடம் மாற்றினார்களா என்று பாருங்கள்.

பெயர் மறப்பதற்கு ஒரு பழைய வித்தை உண்டு. தெரிந்த வீடு ஒன்றை மனதில் நினைத்து, ஒவ்வோர் இடத்திலும் ஞாபகம் வைக்க வேண்டிய ஒன்றை வைத்து, பிறகு மனதாலேயே அந்த வீட்டுக்குள் நடந்துபோய் எடுத்துக்கொள்வது. கிரேக்கக் கவிஞர் சைமோனிடீஸ் பெயரில் இதைச் சொல்வார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் ஆறு வாரம் இப்படிப் பழகிய சாதாரண ஆட்களே சொற்பட்டியலை முன்பைவிட நிறைய நினைவில் வைத்தார்கள். முகப்பு முதல் கிணற்றடி வரை நேர்கோட்டில் போகும் செட்டிநாட்டு வீட்டைவிட இதற்குத் தோதான வீடு கிடைக்காது. படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். எண்பது வயதில் புதிதாகப் பழகுங்கள் என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நோட்டும் போனும்

இங்கே என் சாய்வை மறைக்கவில்லை, நோட்டுப் பக்கம்தான். குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்று எழுதி, கடல் கடந்த கடையின் கணக்கை ஊரில் இருந்தபடியே படித்துப் புரிந்துகொண்ட நகரத்தார் சமூகம் எங்களுடையது. மூன்று வருடம் பர்மாவிலோ மலாயாவிலோ இருந்துவிட்டுத் திரும்பும் ஆள், அடுத்து வருகிறவரிடம் கடையை ஒப்படைக்க வேண்டும். எழுதியவர் இல்லாதபோதும் படிக்கிறவருக்கு விளங்க வேண்டும் என்ற என் இரண்டாம் கேள்வி அவர்களுக்குப் பிழைப்பாகவே இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. ஹெர்மன் எபிங்கௌஸ் என்ற ஜெர்மானியர், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன் மேலேயே சோதித்து 1885இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்கப்புறம் ஒரு மாதமானாலும் கொஞ்சம்தான் மேலும் குறைந்தது. பொருளுள்ள விஷயம் இதைவிட நன்றாகத் தங்கும் என்றாலும், மறதியின் அவசரம் முதல் மணி நேரத்தில்தான். ஆத்தா சாப்பிடும்போது ஒரு பெயர் சொன்னால், ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. அடுக்களைச் சுவரில் கயிற்றில் பென்சில் தொங்கும் ஒரு நோட்டு இருந்தால் அந்த நிமிடமே ஏறிவிடும். போனை எடுத்தால், திறந்து, செயலியைத் தேடி, நடுவில் வந்து நிற்கும் வாட்ஸப் செய்தியைப் படித்து... அதற்குள் பெயர் போய்விடும்.

தேடுவதில் போன் ஜெயிக்கும், அதில் சந்தேகமில்லை. "கவுனி அரிசி" என்று தட்டினால் எழுதியது உடனே வரும், நோட்டில் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஆனால் போன் மாறும்போது, கடவுச்சொல் தெரிந்தவர் இல்லாமல் போகும்போது, குறிப்புகளும் போகும். குடும்ப வாட்ஸப் குழுவைச் சேமிப்பறை என்று நினைக்கவே நினைக்காதீர்கள். சாதாரணமாக அனுப்பும் படத்தை அது சுருக்கித்தான் அனுப்புகிறது, "இடம் போதவில்லை" என்று போன் சொன்னதும் முதலில் அழிக்கப்படுவதும் அந்தக் குழுதான். எங்கள் ஏற்பாடு இதுதான்: எழுதுவது நோட்டில், மாதம் ஒருமுறை பக்கங்களைப் போனில் படமெடுத்து ஆச்சிக்கும் தம்பிக்கும் சுருக்காமல் அனுப்புவது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்றாவது வேறு ஊரில் என்பது கணினிக்காரர்கள் சொல்லும் விதி. வெளிநாட்டில் ஆள் இல்லாத குடும்பம் எங்கள் பக்கம் அரிது, ஆகவே மூன்றாவதற்குக் கஷ்டமில்லை.

மை விஷயத்தில் கவனம் வேண்டும். மைப்பேனா எழுத்து தண்ணீர் பட்டால் ஓடிவிடும், பால்பாயிண்ட் ஓடாது, பென்சில் மங்கவே மங்காது. ஏடிஎம் சீட்டு, கடை பில், சில ஈசிஜி தாள்கள் இவையெல்லாம் சூடு பட்டால் கறுக்கும் தாள். கொஞ்ச காலத்தில் வெளுத்துப்போகும், உடனே நகல் எடுத்துவிடுங்கள். பழைய பத்திரத்தையும் கடிதத்தையும் செலோடேப் ஒட்டிக் காப்பாற்ற நினைக்காதீர்கள், பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம், போட்டால் திரும்பப் பிரிக்க முடியாது. கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் தரையோடு ஒட்டிய மரப்பெட்டி விருந்து. உயரத்தில், சுவரை விட்டுத் தள்ளி, காற்றோட்டமாக வையுங்கள்.

தாளைக் காப்பதற்கு எங்கள் பக்கத்திலேயே பெரிய முன்னோடி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாளில் சேர்த்த தமிழ் நூல்கள், இதழ்கள், நோட்டீஸ்கள் ஒரு லட்சம் அளவுக்கு இருந்தன. 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் அவை சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயின. அவர் சேர்த்ததில் கல்யாணப் பத்திரிகைகளும் உண்டு என்பதை, வீட்டைக் காலி செய்யும்போது மூட்டை கட்டி எடைக்குப் போடுகிறவர்கள் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

படங்களை என்ன செய்வது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்தால், மங்குச் சாமானுக்கும் மரப்பாச்சிக்கும் நடுவே சட்டம் போட்ட புகைப்படங்கள் சாய்த்து வைத்திருக்கும். கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர், கழுத்தீரு (பெரிய தாலி) பூட்டிய ஒரு பெண், பக்கத்தில் பூந்தொட்டி. யார் என்று கடைக்காரருக்கும் தெரியாது. அந்தப் படங்கள் அழியவில்லை, நன்றாகவே இருக்கின்றன. பெயர்தான் அழிந்துவிட்டது.

ஆகவே ஆச்சியின் ஸ்கேன் யோசனைக்கு நான் எதிரியில்லை, வரிசையைத்தான் மாற்றச் சொன்னேன். ஸ்கேனை அடுத்த வருடமும் செய்யலாம். பெயர் சொல்கிறவர் அடுத்த வருடம் இருப்பாரா, இருந்தாலும் சொல்வாரா? முதலில் ஒவ்வொரு படத்தையும் ஆத்தாவிடம் காட்டிப் பெயர் கேட்பது, அப்புறம்தான் ஸ்கேன். பழைய தாள் படத்தின் முதுகில், ஓரமாக, மென்மையான பென்சிலால் எழுதலாம். பால்பாயிண்டால் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். எழுபது, எண்பதுகளுக்குப் பிறகு வந்த வழவழப்பான வண்ணப் படங்களில் பென்சில் பிடிக்காது, அவற்றை உறையில் போட்டு உறைமேல் எழுதுங்கள். "அப்பத்தா" என்று எழுதாதீர்கள், யாருடைய அப்பத்தா? பெயர், யாருடைய மகள், எந்த ஊர், எந்த வீட்டு விலாசம் (குடும்பத்தின் முதலெழுத்துகள்) என்று எழுதினால்தான் பேரன் பேத்திக்குப் புரியும். பாத்திரங்களில் விலாசம் வெட்டி வைத்த நம்மவர்கள் ஆளின் படத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டார்களே என்று எனக்கு ஒரு ஆதங்கம்.

ஸ்கேனரா போனா என்றால், சின்னப் படங்களுக்கு ஸ்கேனர், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). பெரிய சட்டப் படங்களுக்குப் போன் போதும். முற்றத்து நிழலில், நேர் வெயில் படாமல் சாய்த்து, கண்ணாடியில் நம் உருவம் விழாதபடி கொஞ்சம் பக்கவாட்டில் நின்று எடுக்க வேண்டும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரித்து எடுக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். பசைத் தாள் ஆல்பங்களில் இருப்பவற்றை முடிந்தவரை வெளியே எடுத்துவிடுங்கள்.

இன்றைய விசேஷங்களில் ஓயாமல் படம் எடுக்கிறோமே, அது நினைவுக்கு நல்லதா? லிண்டா ஹென்கெல் என்ற ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட சோதனையில், அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படமெடுத்துக்கொண்டே போனவர்கள், சும்மா பார்த்தவர்களைவிடக் குறைவாக நினைவு வைத்திருந்தார்கள். ஏதாவது ஒரு பகுதியை நெருக்கிப் பார்த்து எடுத்தவர்களுக்கு அந்த நஷ்டம் இல்லை. முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீட்டில் எல்லோரும் போனைத் தூக்கி நிற்பதைப் பார்க்கும்போது, யாராவது ஒருவர் எடுத்தால் போதாதா என்று தோன்றும்.

பேச்சும் கையும்

கதைகளை எழுதி வைப்பதா, குரலைப் பதிவு செய்வதா, வீடியோ எடுப்பதா? எழுத்து தேடச் சுலபம், ஆனால் எழுதுகிறவர் தன் தமிழில் திருத்திவிடுவார். "அவுக வந்தாக, நின்னாக" என்ற ஆத்தாவின் பேச்சு "அவர்கள் வந்து நின்றார்கள்" ஆகிவிடும். வீடியோவுக்கு உட்கார வைத்தால் புடவை மாற்ற வேண்டும், விளக்குப் போட வேண்டும், பேச்சு விறைத்துப்போகும். குரல் பதிவுதான் கதைக்குச் சரி. போனைத் திண்ணையில் கவிழ்த்து வைத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். வழக்கமான தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு 60 எம்பிக்குள் அடங்கிவிடும், அதே ஒரு மணி நேர வீடியோ பல ஜிபி. பதிவுக்குத் தேதியும் பொருளும் சேர்த்துப் பெயர் வையுங்கள், கூடவே நாலு வரி எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு மணி நேரப் பதிவை யாரும் கேட்கப்போவதில்லை.

"பழைய கதை சொல்லுங்க ஆத்தா" என்று ஆரம்பித்தால் ஒன்றும் வராது. பொருளை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் திறவுகோலாக இருந்தது ஆத்தாவின் கல்யாணத்துச் சீர்சாமான் பட்டியல். வரிசையாக வாசிக்க வாசிக்க, இந்தத் தவலை யார் கொடுத்தது, எந்த மங்குச் சட்டியை யார் உடைத்தார்கள், அன்றைக்கு மழை பெய்து பந்தல் ஒழுகியது என்று தானாக வந்தது. பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையுள்ள நினைவுகள் வயதான காலத்தில் மற்ற காலத்தைவிட அதிகமாக மேலே வரும் என்பது ஆய்வாளர்கள் பலமுறை கண்டது. கல்யாணம், புகுந்த வீடு, முதல் பிரசவம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. இசைகுடிமானம் (கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்தம்), மொய் நோட்டு, பழைய கடிதக் கட்டு எது கிடைத்தாலும் எடுத்துப் பிரியுங்கள்.

சொல்வதெல்லாம் அப்படியே நடந்ததா என்று கேட்காதீர்கள். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932லேயே காட்டியது இது: கேட்ட கதையைத் திரும்பச் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய விதத்தில் அதை மாற்றிக்கொண்டே போகிறார்கள். ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்த 1942இல் ஐயா எப்படித் திரும்பினார் என்பது எங்கள் வீட்டில் இரண்டு விதமாக இருக்கிறது. ஆத்தா சொல்வதில் நடந்தே வந்தார், சித்தப்பா சொல்வதில் கடைசிக் கப்பல் கிடைத்தது. இரண்டையும் பதிவு செய்திருக்கிறோம், யார் சொன்னது என்று குறித்து.

பங்கு, பாகம், பழைய மனஸ்தாபம் பேச்சில் வராமல் இருக்காது. பதிவு ஓடுகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், "இதை எடுத்துரு" என்றால் எடுத்துவிடுங்கள். நினைவு அவர்களுடையது.

கைவேலை மட்டும் குரலுக்கும் எழுத்துக்கும் அடங்காது. அங்கே வீடியோவை விட்டால் வேறு வழியில்லை. வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு கேட்டால் ஆத்தா சொல்வது: "உழக்குல பச்சரிசியைத் தலைதட்டிப் போட்டு, மேல உளுந்தைக் கோபுரமா வை." எழுதியாயிற்று. அதை வைத்து என் மனைவி செய்தால் பணியாரம் வந்தது, ஓரம் சரியாக வரவில்லை. ஆத்தாவைச் செய்ய விட்டுப் பார்த்தபோது தெரிந்தது, மாவைக் கரண்டியில் எடுத்ததும் ஊற்றுவதில்லை. கரண்டியின் அடியைச் சட்டி ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்து, வழிவதைத் துடைத்துவிட்டுத்தான் எண்ணெயில், நடுவில், ஒரே ஊற்றாக ஊற்றுகிறார்கள். "இதைச் சொல்லவே இல்லையே ஆத்தா" என்றால், "எதை?" என்கிறார்கள். அப்படிச் செய்வது அவர்களுக்கே தெரியாது. கையில் பழகிய வேலையை மூளை வைத்திருக்கும் இடம் வேறு, பெயரும் கதையும் இருக்கும் இடம் வேறு. கேட்டால் வராது, செய்தால்தான் வரும். பெயர்கள் தடுமாறும் வயதிலும் கை தடுமாறாமல் இருப்பதும் அதனால்தான்.

எடுப்பதாக இருந்தால் போனை முகத்துக்கு வைக்காதீர்கள், தோளுக்கு மேலிருந்து கைகளைப் பார்க்கும்படி வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், எண்ணெய் காய்ந்ததைச் சத்தத்தை வைத்துத்தான் சொல்வார்கள். உழக்கை ஒரு தராசில் வைத்து நிறையையும் படத்தில் காட்டிவிடுங்கள், உங்கள் வீட்டு உழக்கும் பேத்தி வீட்டுக் கப்பும் ஒன்றாக இருக்காது. முதல் பணியாரத்தை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். முதலில் ஊற்றுவது எண்ணெய் பார்க்கத்தான், நாலாவது ஐந்தாவதில்தான் கை சரளமாகும்.